ஆர்வி-7 ஸ்லைடர் முன்கண்ணாடி: பெட்டியில் வருவதும் வராததும்

அலுமினியத் தகட்டில் துளை இடம் மாறிப்போனால் புதுத் தகடு வாங்கிக்கொள்ளலாம், பெரிய நஷ்டம் இல்லை. வேன்ஸ் ஏர்கிராஃப்ட் பாகங்களாக, கிட்டாக விற்கும் ஆர்வி-7 விமானத்தை வீட்டுக் கொட்டகையில் கட்டுகிறவர்கள் இந்தத் தைரியத்தில்தான் ஆயிரக்கணக்கான ரிவெட்டுகளை அடித்து முடிக்கிறார்கள். கடைசிக் கட்டப் பாகங்கள் அடங்கிய ஃபினிஷ் கிட்டோடு வரும் கேனோபியிடம், அதாவது விமானியின் தலைக்கு மேல் மூடும் கண்ணாடிக் கூண்டிடம், அந்தத் தைரியம் செல்லாது. சூடாக்கி ஒரே குமிழாக ஊதிய அக்ரிலிக் அது. கட்டுகிறவரே அதை இரண்டாக அறுத்து, முன்பாதியை முன்கண்ணாடியாகவும் பின்பாதியை நகரும் கேனோபியாகவும் பொருத்த வேண்டும். கடைசி அங்குலத்தில் விரிசல் விட்டாலும் மொத்தக் குமிழும் போச்சு.

இங்கே பேசப்போவது கேனோபி பின்னால் நகர்ந்து திறக்கும் ஸ்லைடர் வகையின் முன்பாதியைப் பற்றி மட்டும். தூக்கித் திறக்கும் டிப்-அப் வகையில் பெரிய வெட்டு விமானியின் தலைக்குப் பின்னால் விழுகிறது. முன்னால் இருப்பது முழுவதும் அசையும் மூடி. அந்த வேலை வேறு, அதன் தொல்லைகளும் வேறு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பொருள் நல்லது. கிட்டோடு கிடைக்கும் வெட்டுச் சக்கரமே போதும், விலை உயர்ந்த அறுக்கும் கருவி எதுவும் தேவையில்லை. கையில் இருக்கும் காசை அக்ரிலிக்குக்கான ட்ரில் பிட்டிலும், ஒட்டும் பசைக்குரிய பிரைமரிலும், கொட்டகையைச் சூடாக்கும் ஹீட்டரிலும் போடுங்கள். விரிசல் விட்ட கண்ணாடிகளின் காரணத்தைத் தோண்டினால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் போய் முடியும்.

குமிழ் எப்படி இருக்கிறது

ஊதிய குமிழ் எல்லா இடத்திலும் ஒரே கனமாக இருக்காது. சட்டத்தில் பிடித்திருந்த ஓரம் தடிமன், மேலே போகப்போக மெலிசு. பலூனை ஊதிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். நேர் முன்பார்வை தெளிவாகவே இருக்கிறது. வளைவு சட்டென்று திரும்பும் கீழ் மூலைகளில் மட்டும் காட்சி கொஞ்சம் நெளியும். ஊதிய கண்ணாடி எதிலும் இது உண்டு. இதைக் குறையாகப் பிடித்துக்கொண்டு பெட்டியைத் திருப்பி அனுப்பத் தேவையில்லை. திருப்பி அனுப்ப வேண்டியது வேறு இரண்டுக்குத்தான்: பார்வைக்கு நேரே சிக்கிய தூசுப் புள்ளி, ஓரத்தில் ஏற்கெனவே ஓடியிருக்கும் மயிரிழை விரிசல். பெட்டியைத் திறந்த அன்றே டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து ஓரம் முழுக்க ஒரு சுற்று பாருங்கள். வெட்டிய பிறகு கண்டுபிடித்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

குமிழின் அடிச்சுற்றில் தட்டையான விளிம்பு ஒன்று இருக்கும். ஊதும்போது சட்டத்தில் பிடித்த பகுதி அது, வெட்டி எறிய வேண்டியது. எறியாதீர்கள். கிட்டில் இலவசமாகக் கிடைக்கும் மிகப் பயனுள்ள பொருள் அதுதான். அதே அக்ரிலிக், கிட்டத்தட்ட அதே கனம். அதில் முப்பது துளை போட்டுப் பழகுங்கள், பசையை ஒட்டிப் பிய்த்துப் பாருங்கள், உப்புத்தாளின் வரிசையைச் சோதியுங்கள். அசல் கண்ணாடியில் கை வைப்பது அதன் பிறகு.

பாதுகாப்புக்காக ஒட்டியோ பூசியோ வரும் மேலுறையை வேலை முடியும்வரை விட்டுவைக்க வேண்டும். வெட்டும் இடத்திலும் ஒட்டும் இடத்திலும் மட்டும் நான்கைந்து சென்டிமீட்டர் உரித்துக்கொண்டால் போதும். ஆனால் உறையோடு வருடக்கணக்கில் வெயில் படும் இடத்தில் வைத்தால் அது காய்ந்து ஒட்டிக்கொண்டு பெயரவே பெயராது. கேனோபிப் பெட்டியை வாங்கி மூன்று வருடம் மூலையில் சாத்தி வைக்கும் வழக்கம் உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சூடு

அக்ரிலிக் குளிரில் பிஸ்கட் மாதிரி உடையும். 21 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வெட்டு, துளை, அழுத்தல் எதுவும் வேண்டாம். 27 முதல் 30 டிகிரி என்றால் கைக்கு இணங்கி வளையும். வேன்ஸ் இருக்கும் ஆரிகன் மாநிலத்திலும், அமெரிக்காவின் வட மாநிலங்களிலும், ஜனவரியில் திறந்த கொட்டகைக்குள் இந்த வெப்பம் தானாக வராது. அங்கே கட்டுகிறவர்கள் கேனோபி வேலையைக் கோடைக்குத் தள்ளிப்போடுவது சோம்பேறித்தனத்தால் அல்ல. காற்று சூடானால் மட்டும் பற்றாது, கண்ணாடியே சூடேற வேண்டும். ஹீட்டரைப் போட்டுவிட்டு ஓரிரு மணி நேரமாவது காத்திருங்கள். ஹீட்டரின் வாயைக் கண்ணாடியை நோக்கித் திருப்பவே கூடாது. சுமார் 105 டிகிரியில் அக்ரிலிக் இளகத் தொடங்கிவிடும். அதற்கு முன்பே ஒரு பக்கம் மட்டும் சூடானால் உள்ளுக்குள் இழுவிசை தங்கிவிடும்.

வெப்பத்தின் இன்னொரு முகம் விரிவு. ஒரு மீட்டர் அக்ரிலிக், வெப்பம் 50 டிகிரி ஏறினால் சுமார் 3.5 மி.மீ. நீளும். அதே நீள அலுமினியம் 1.2 மி.மீ. கூட நீளாது. முன்கண்ணாடியின் பின்விளிம்பு உட்காரும் ரோல் பார், விமானம் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் வளைவு, எஃகுக் குழாய்; அது 0.6 மி.மீ. மட்டும். அதாவது பனிக்காலக் காலைக்கும் கோடை மதியத்துக்கும் நடுவே கண்ணாடிக்கும் ரோல் பாருக்கும் இடையில் கிட்டத்தட்ட 3 மி.மீ. வித்தியாசம், ஆசாரி கணக்கில் ஒரு நூல். இந்த ஒரு நூலுக்கு எங்கேயாவது இடம் விட வேண்டும். விடாவிட்டால் கண்ணாடி தானே இடம் உண்டாக்கிக்கொள்ளும், விரிசலாக.

வெட்டு

கிட்டோடு வருவது உராய்ந்து அறுக்கும் மெல்லிய சக்கரம், பல் கிடையாது. அதுதான் அதன் சிறப்பு. பல் உள்ள எந்த பிளேடும் அக்ரிலிக்கைக் கவ்வி இழுக்கும், ஜிக்சா மேலும் கீழும் அதிர வைக்கும். கவ்வல், அதிர்வு இரண்டுமே விரிசலின் தாய். உராய்வுச் சக்கரம் உருக்கியும் தேய்த்தும் போவதால் பிளக்கும் விசை ஏறக்குறைய இல்லை. காற்றழுத்த டை கிரைண்டரில் மாட்டும்முன், சக்கரத்தின் மேல் அச்சிட்ட உச்ச வேகம் கிரைண்டரின் வேகத்தைவிட அதிகமா என்று பாருங்கள். 25,000 சுற்று ஓடும் கிரைண்டரில் 15,000 சுற்றுச் சக்கரத்தை மாட்டினால் கண்ணாடி தப்பிக்கலாம், முகம் தப்பிக்காது. டிரெமெல் போன்ற சிறு கருவியின் பொடிச் சக்கரங்கள் மூலைகளைச் செதுக்க மட்டும் உதவும்; நீள வெட்டுக்குப் போனால் ஒவ்வொன்றாக உடைந்துகொண்டே இருக்கும்.

வெட்டும் கோட்டை மாஸ்கிங் டேப்பின் ஓரத்தால் குறியுங்கள். மார்க்கர் கோடு, வெட்டத் தொடங்கியதும் எழும் வெள்ளைத் தூளில் மறைந்துவிடும். முதல் ஓட்டத்தில் ஒரு மி.மீ. ஆழத்துக்குப் பள்ளம் மட்டும் போட வேண்டும். சக்கரம் அந்தப் பள்ளத்தில் தானே ஓடும் என்பதால் இரண்டாவது ஓட்டத்தில் துணிந்து முழு ஆழத்துக்கு இறங்கலாம். ஒரே இடத்தில் தயங்கி நின்றால் உருகிய பிசின் சக்கரத்துக்குப் பின்னால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். முடிந்தது என்று நினைத்த வெட்டு மூடிக்கிடக்கும். அதை இழுத்துப் பிரிக்கும்போதுதான் பலர் கண்ணாடியை இழக்கிறார்கள். ஒட்டிய இடத்தில் இன்னொரு முறை சக்கரத்தை ஓட்டினால் தீர்ந்தது, கையால் பிரிக்கக் கூடாது.

முதலில் அடி விளிம்பைக் கழித்துவிட்டு, குமிழின் நடுக்கோட்டை முன்னும் பின்னும் குறித்து, விமானத்தின் நடுக்கோட்டோடு பொருத்திப் பார்க்கும் சுற்று ஆரம்பமாகும். தூக்கிவை, பார், இறக்கு, 3 மி.மீ. கழி, மறுபடி தூக்கிவை. எட்டு முறையோ பதினைந்து முறையோ ஆகும். நான்கு கைகள் கட்டாயம் வேண்டும், ஒருவரால் முடியாது. பதறாத காரியம் சிதறாது என்று இந்த வேலையைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள் போல. இறுதிக் கோட்டை ஒட்டி ஒரேயடியாக வெட்டாமல் 5, 6 மி.மீ. வெளியே வெட்டி, மிச்சத்தை உப்புத்தாள் கட்டையால் தேய்த்துக் கொண்டுவருவது உத்தமம். இந்த இடத்தில் பெர்மா-கிரிட் கட்டை அருமையான கருவி. டங்ஸ்டன் கார்பைடு பொடி பதித்த அது அடைத்துக்கொள்ளாது, அக்ரிலிக்கை வெண்ணெய் போலத் தேய்க்கும்.

ஒரு எச்சரிக்கை: இன்னும் 2 மி.மீ. தேய்க்க வேண்டியதை, கொஞ்சம் அழுத்தினால் உட்கார்ந்துவிடும் என்று விட்டுவிடக் கூடாது. அழுத்தி உட்காரவைத்த கண்ணாடி அன்றைக்கு ஒன்றும் செய்யாது. இழுவிசை உள்ளேயே இருக்கும். இரண்டு கோடை கழிந்ததும் வெயில் சாய்வாக விழும்போது சிலந்தி வலை போல நுண்விரிசல் கூட்டம் தெரியும். பாலிஷ் போட்டாலும் போகாது. கண்ணாடி தன் எடையிலேயே, யாரும் தொடாமல், சுற்றிலும் சமமாக உட்கார வேண்டும். அளவுகோல் அதுதான்.

பிறகுதான் பெரிய வெட்டு. அதற்கு முன் ரோல் பாரும் பின்பாதிக் கேனோபியின் நகரும் சட்டமும் இறுதியாகச் சரிசெய்யப்பட்டிருக்க வேண்டும். பிறகு சட்டத்தை நகர்த்தினால் வெட்டு இடம் தவறியதாகிவிடும். குமிழை அதன் இடத்தில் வைத்து, உள்ளிருந்து விளக்கைப் பிடித்து, ரோல் பார் குழாயின் நிழலைப் பார்த்துக் கோட்டை ஒட்டுங்கள். கீழே இறக்கி, பழைய கம்பளி விரித்த மேசையில் இரண்டு பாதிக்கும் தனித்தனி முட்டுக் கொடுங்கள். வெட்டு முன்னேற முன்னேற, பத்து சென்டிமீட்டருக்கு ஒரு டேப் துண்டை வெட்டின் குறுக்கே ஒட்டிக்கொண்டே வர வேண்டும். காரணம், கடைசிச் சில சென்டிமீட்டரில் தொங்கும் பாதியின் எடை முழுவதும் வெட்டாத அந்தச் சிறு பாலத்தின் மேல் இறங்குகிறது. டேப் இல்லாமல் வெட்டினால் சக்கரம் அங்கே போய்ச் சேருமுன்னே அது ஒடிந்து, ஒடிந்த வழியே விரிசல் குமிழுக்குள் ஓடும்.

வெட்டிய விளிம்பு அப்படியே இருக்கக் கூடாது. 120, 220, 320, 400 என்று உப்புத்தாள் வரிசை. பார்வையில் படும் விளிம்புக்கு 600 வரை. தேய்க்கும் திசை விளிம்பின் நீளவாக்கில் இருக்கட்டும். குறுக்கே தேய்த்தால் ஒவ்வொரு கீறலும் ஒரு விரிசலுக்கான தொடக்கப் புள்ளி. இரண்டு கூர் முனைகளையும் லேசாக மழுக்குங்கள். கட்டைவிரல் நகத்தை விளிம்பில் ஓட்டினால் எங்கும் தட்டக் கூடாது. நெருப்பு ஜுவாலையால் விளிம்பைப் பளபளப்பாக்கும் முறை பெயர்ப் பலகைக் கடைகளில் நன்றாக எடுபடும். விமானக் கண்ணாடிக்கு வேண்டாம். அது விளிம்பில் இழுவிசையை விட்டுவைக்கும். பிறகு பிரைமரோ கரைப்பானோ பட்ட இடத்தில் நுண்விரிசல் உடனே எழும்.

துளை

ஸ்க்ரூ போடுகிறவர்களுக்கும் ஒட்டுகிறவர்களுக்கும் துளை கொஞ்சமாவது தேவைப்படும், பசை இறுகும்வரை பிடித்துக்கொள்ளவாவது. சாதாரண ட்ரில் பிட்டின் முனைக் கோணம் 118 அல்லது 135 டிகிரி. மறுபக்கம் வெளிவரும் கணத்தில் அதன் வெட்டும் உதடு அக்ரிலிக்கைத் திருகாணி போலக் கவ்விக்கொண்டு இழுக்கும். அடிப்பக்கத்தில் சில்லு பெயரும், பெயர்ந்த சில்லின் நுனியிலிருந்து விரிசல் கிளம்பும். அக்ரிலிக் பிட்டின் முனை 60 டிகிரி, உதடு தட்டையாகச் சீவப்பட்டிருக்கும். அது வெட்டுவதற்குப் பதில் சுரண்டும். விமானக் கருவிக் கடைகள் எல்லாவற்றிலும் கிடைக்கிறது. சொற்ப விலைக்கு இவ்வளவு பெரிய காப்பீடு வேறு இல்லை.

முதலில் சிறு துளை, பிறகு படிப்படியாகப் பெரிதாக்கல். பெரிதாக்குவதற்குப் படிக்கட்டு பிட் எனப்படும் யுனிபிட் மிக நல்லது, கவ்வவே கவ்வாது. பின்னால் மரக்கட்டை அணைப்பு இருக்க வேண்டும். வேகம் குறைவு, அழுத்தம் அதைவிடக் குறைவு. சுருள் சுருளாக வந்தால் சரி. பிசுபிசுவென்று உருண்டை கட்டினால் சூடாகிறது, நிறுத்தி ஆறவிடுங்கள். துளை மையத்துக்கும் விளிம்புக்கும் இடையே குறைந்தது 12 மி.மீ. இருக்கட்டும். கடைசியாகத் துளையின் இரண்டு வாயிலும் பிசிறெடுக்கும் கூம்பைக் கையால் இரண்டு சுற்று. இதைச் சேர்க்காமல் துளை முடிந்ததாகக் கணக்கில்லை.

துளையின் அளவில்தான் அந்த ஒரு நூல் கணக்கு வருகிறது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் பழுதுபார்ப்புக் கையேடு 43.13-1பி, கண்ணாடித் துளை ஸ்க்ரூவைவிட 1/8 அங்குலம் பெரிதாக இருக்கட்டும் என்கிறது. ஆர்வி கட்டுகிறவர்கள் நடைமுறையில் 3.5 மி.மீ. விட்டமுள்ள ஆறாம் எண் ஸ்க்ரூவுக்கு 4.8 மி.மீ. துளையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்குக் குறைக்கவே கூடாது. ஸ்க்ரூ துளையின் நடுவில் நிற்க வேண்டும். ஓரத்தில் ஒட்டி நின்றால் எவ்வளவு பெரிய துளை போட்டும் பயனில்லை. முறுக்குவதற்கும் பழைய விதி ஒன்று உண்டு: கையிறுக்கம் வரை முறுக்கி, ஒரு முழுச் சுற்றுத் தளர்த்து. அலுமினியத்தில் பழகிய கை இதற்கு ஒப்பவே ஒப்பாது, ஆனால் அப்படித்தான் செய்ய வேண்டும். தட்டைத் தலை ஸ்க்ரூவை நேரடியாக அக்ரிலிக்கின் கூம்புக் குழியில் இறக்கினால் அது ஆப்பு அடித்த மாதிரி. நடுவில் ஸ்க்ரூத் தலை உட்காரும் குழிவான டின்னர்மேன் வாஷரும் அதன் அடியில் மெல்லிய ரப்பரும் வேண்டும். மரை கழலாமல் இருக்க ஊற்றும் லாக்டைட் போன்ற திரவங்கள் ஒரு சொட்டுக்கூடக் கண்ணாடிப் பக்கம் வரக் கூடாது. அது பட்ட துளையைச் சுற்றிச் சில மணி நேரத்தில் சூரியகாந்தி போலக் கீற்றுகள் விரியும்.

ஸ்க்ரூவா, பசையா

வேன்ஸ் வரைபடத்தின் வழி ரோல் பாரில் ஸ்க்ரூ, அடியில் ஃபைபர் கிளாஸ் பட்டை. நன்றாகச் செய்தால் பல வருடம் நிற்கும், நிற்கிறது. ஆனால் கட்டுகிறவர்களில் பலர் இப்போது பசைக்கு மாறிவிட்டார்கள். எமது வாக்கும் பசைக்கே. சிகாஃப்ளெக்ஸ் 295 யுவி, படகுகளின் பிளாஸ்டிக் சன்னல்களை ஒட்டுவதற்காக வந்த ஒற்றைக் கூறு பாலியூரித்தேன். காற்றின் ஈரத்தில் இறுகி ரப்பராகும். 3 மி.மீ. கனத்தில் போட்டால் கண்ணாடி நடுவிலிருந்து இரு முனைக்கும் தலா 1.5 மி.மீ. நகர்ந்தாலும் பசை தன் கனத்தில் பாதி அளவுதான் சாய்கிறது. ரப்பருக்கு இது பொருட்டே அல்ல. விசை எட்டுப் பத்துத் துளைகளில் குவியாமல் விளிம்பு முழுக்கப் பரவுகிறது.

பெரிய அண்ணன் ஆர்வி-10-இல் நிலைமை வேறு. அதன் கண்ணாடிகள் ஃபைபர் கிளாஸ் கூரையில் பதிகின்றன; அதற்கான வரைபடம் சொன்ன வெல்டு-ஆன் 10 கெட்டியாக இறுகும் இரு கூறுப் பசை. ஓரங்களில் விரிசல் கண்டவர்கள் அங்கும் இளகிய பசைகளைத் தேடிப் போனார்கள்.

சிகாஃப்ளெக்ஸின் குறை அதன் சகோதரர்கள். டியூப் மட்டும் வாங்கினால் பாதி வேலைதான். துடைக்க ஆக்டிவேட்டர் 205, பிளாஸ்டிக்குக்குப் பிரைமர் 209, உலோகச் சட்டத்துக்குப் பிரைமர் 206 ஜி+பி. மூன்றும் தனித்தனி விலை, சேர்த்தால் பசையைவிட அதிகம். இதைப் பார்த்துப் பிரைமரைத் தவிர்க்கிறவர்கள் உண்டு. கருப்புப் பிரைமர் வெறும் ஒட்டுக்காக அல்ல. கண்ணாடி வழியே வரும் புறஊதாக் கதிர் பசையின் ஒட்டு முகத்தைத் தொடாமல் மறைக்கும் திரையும் அதுதான். திரை இல்லாவிட்டால் பசை உள்ளே நன்றாகவே இருக்கும், கண்ணாடியோடு தொடும் முகம் மட்டும் வெந்து விட்டுவிடும். பிரைமர் குப்பியைத் திறந்தபின் ஈரம் ஏறி நாள்பட நாள்படக் கெடும். போன வருடம் திறந்த குப்பி மேசை மேல் இருக்கிறது என்பதற்காக அதைத் தொடாதீர்கள். தேதி பார்த்து வாங்க வேண்டிய சரக்கு இது, மளிகை மாதிரி.

செய்முறை: கண்ணாடியை உலர்வாக வைத்து, உள்ளும் புறமும் ஒட்டு அகலத்தை டேப்பால் வரம்பு கட்டுங்கள். டேப்புகளுக்கு நடுவே 120 உப்புத்தாளால் மங்கலாக்கி, ஆக்டிவேட்டர் நனைத்த துணியால் ஒரே திசையில் ஒரு துடைப்பு. அதே துணியைத் திருப்பி மறுபடி தேய்க்கக் கூடாது. ஆக்டிவேட்டர் காய்ந்ததும் பிரைமரைத் தூரிகையால் ஒரே பூச்சாகப் பூசி அரை மணி நேரம் காயவிடுங்கள். ரோல் பாரில் 3 மி.மீ. கனமுள்ள சிறு ரப்பர்த் துண்டுகளை 15 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒட்டுங்கள். இவை இல்லாவிட்டால் கண்ணாடியை அமுக்கும்போது பசை முழுவதும் பிதுங்கி வெளியேறி, கடைசியில் காகிதக் கனம்தான் மிஞ்சும், 3 மி.மீ. கணக்கெல்லாம் வீண். பசையை முக்கோண வாய் வைத்த முனையால் செங்குத்தாக நிற்கும் வரப்பாகப் போடுங்கள். கண்ணாடியை வைத்து ரப்பர்த் துண்டில் தட்டும்வரை மட்டும் அமுக்கி, பட்டையால் கட்டிவிடுங்கள்.

மேல் தோல் கட்ட ஏறத்தாழ ஒரு மணி நேரம். அதற்குள் வெளி வரப்பைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த கையுறை விரலால் ஒரே இழுப்பில் வழித்து, தோல் கட்டும் முன்பே டேப்பை உரித்துவிட வேண்டும். தாமதித்தால் டேப்போடு பசையும் சவ்வாக இழுத்துக்கொண்டு வரும், அந்தக் கோரத்தை மறைக்க வழியே இல்லை. இறுகும் வேகம் நாளொன்றுக்கு 3 முதல் 4 மி.மீ., வெளியிலிருந்து உள்ளே. ஆகவே 25 மி.மீ. அகல ஒட்டு உள்வரை இறுக ஒரு வாரம் விடுங்கள். காய்ந்த வறண்ட காற்றில் இன்னும் இழுக்கும்.

ஒட்டுவதற்கு முன் விமானத்துக்குள் ஒருமுறை தலையை விட்டுப் பாருங்கள். கருவிப் பலகைக்குப் பின்னால் இழுக்க வேண்டிய ஒயர், பலகைக்கு மேலான தகட்டுக்குப் பூச வேண்டிய ஒளி மழுக்கும் கருப்பு, பனி விலக்கும் விசிறிக்கான துளை எல்லாம் முடிந்ததா? கண்ணாடி வந்தபின் அந்த மூலைக்குக் கை எட்டும், கண் எட்டாது. பெயின்ட் தூரிகையும் எட்டாது.

அடி விளிம்பு

முன்கண்ணாடி உடலின் மேல் தகட்டைத் தொடும் இடத்தில் இரண்டு வழி. பசையாலேயே 15 மி.மீ. குழிவு வரப்பு போட்டு முடிக்கலாம். வேகமான வேலை, ஆனால் கொஞ்சம் குளியலறை விளிம்பு போலத் தெரியும், மேலே பெயின்ட் அடித்தால் வெடிக்கும். அழகு வேண்டுமென்றால் ஃபைபர் கிளாஸ். இங்கே ஒரே ஒரு கட்டளை: எபாக்சி மட்டும். பாலியெஸ்டர், வினைல் எஸ்டர் பிசின்களில் ஸ்டைரீன் இருக்கிறது; அது அக்ரிலிக்கைத் தின்னும்.

வெஸ்ட் சிஸ்டம் 105 பிசினோடு 206 மெது இறுக்கியை ஐந்துக்கு ஒன்று கலந்தால் 22 டிகிரியில் 20 நிமிடத்துக்கு மேல் கையில் நிற்கும். 205 வேக இறுக்கியில் பத்து நிமிடம்தான். ஐந்தாறு துணிப் பட்டைகளை வளைவில் படிய வைக்க அது பற்றாது. முதல் பூச்சுப் பிசினில் கருப்பு நிறமியைக் கலக்கத் தவறாதீர்கள். உள்ளே உட்கார்ந்து பார்க்கிறவருக்குக் கண்ணாடி வழியே தெரியப்போவது அந்த முதல் பூச்சுதான். மறந்தால் வெளிறிய மஞ்சளும் காற்றுக் குமிழ்களும் விமானத்தின் ஆயுள் முழுக்க முகத்துக்கு நேரே இருக்கும். துணியை 45 டிகிரி சாய்வில் பட்டைகளாக வெட்டினால்தான் வளைவில் சுருக்கமில்லாமல் படியும். 25 மி.மீ. அகலத்தில் தொடங்கி ஒவ்வொரு பட்டையையும் சற்று அகலமாக்குங்கள்.

மேல் எல்லைக்கு மின்சார வேலைக்கான கருப்பு வினைல் டேப்பை மூன்று நான்கு அடுக்கு ஒட்டுவது பழகியவர்களின் முறை. உப்புத்தாள் கட்டை வழுக்கினால் முதல் அடுக்கு போகும், கண்ணாடி பிழைக்கும். இறுகிய எபாக்சியின் மேல் மெழுகு மாதிரி ஒரு படலம் கட்டும். தேய்ப்பதற்கு முன் வெறும் தண்ணீரும் நாரும் போட்டுக் கழுவ வேண்டும். கழுவாமல் தேய்த்தால் உப்புத்தாள் அடைபடும், அடுத்த பூச்சு ஒட்டாது.

வேறு பொருள்

ஜெனித் சிஎச் 750 போன்ற விமானங்கள் கட்டுகிறவர்களுக்கு இந்தப் பயமெல்லாம் கிடையாது. அவற்றின் முன்கண்ணாடி பாலிகார்பனேட் தகடு. ஜிக்சாவில் அறுக்கலாம், சாதாரண பிட்டில் துளைக்கலாம், குளிரிலேயே வளைக்கலாம். ஆனால் எளிதில் கீறும். மேலிறக்கைத் தொட்டியிலிருந்து பெட்ரோல் சொட்டினால் போதும், சொட்டிய வழியே வெடிப்பு. அறுக்கச் சுலபம், வைத்துக் காப்பாற்றக் கஷ்டம். அக்ரிலிக் நேர் எதிர்.

இரண்டுக்கும் பொதுவானது துடைக்கும் முறை. அசிட்டோன், தின்னர், பெட்ரோல், அமோனியா கலந்த வீட்டுக் கண்ணாடித் திரவம் நான்கும் தடை. முதலில் நிறையத் தண்ணீரால் தூசியைக் கழுவி, மென்சோப்பு, பிறகு பருத்தித் துணி. காகிதத் துண்டு கீறும். கீறல் விழுந்துவிட்டால் மைக்ரோ-மெஷ் தொகுப்பு 1500-இல் தொடங்கி 12000 வரை படி தாண்டாமல் போக வேண்டும். ஒரே இடத்தில் நின்று தேய்த்தால் கீறல் போய்ப் பள்ளம் வரும், பள்ளம் லென்ஸ் ஆகும். அடி விளிம்பில், பட்டை மறைக்கும் இடத்தில், சிறு விரிசல் கண்டால் அதன் நுனியில் 3 மி.மீ. துளை போட்டு அங்கேயே நிறுத்தலாம். பார்வைக்கு நேரே என்றால் புதுக் குமிழ்தான்.

வாங்கும் அளவு: 25 மி.மீ. அகலம், 3 மி.மீ. கனம் என்றால் மீட்டருக்கு 75 மி.லி. பசை; 15 மி.மீ. வெளி வரப்புக்கு மீட்டருக்கு அதிகபட்சம் இன்னொரு 110 சொச்சம். விளிம்பை நூல் பிடித்து அளந்து பெருக்கி, வரும் கணக்கோடு ஒரு 300 மி.லி. டியூப் கூடுதலாக வாங்குங்கள். ஒட்டும் நடுவில் டியூப் தீர்ந்து கடைக்கு ஓடினால், திரும்பி வருவதற்குள் முதல் பாதி தோல் கட்டியிருக்கும். மிஞ்சினால் திறக்காத டியூப்பைப் பின்பாதிக் கேனோபிக்கு வைத்துக்கொள்ளலாம், அது இதைவிட நீளம்.